சூசையப்பர்துறையின் பெரும்பாதிச் சொந்தக்காரர்

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், ஊர்காவற்றுறைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலோரமாகச் சூசையப்பர்துறை என்றொரு சிறு கிராமம். அதன் கரையில் இரண்டு முருகைக்கல் முனைகளுக்கு நடுவே மணலாய் ஒரு துண்டு கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று எவ்வளவு துள்ளினாலும் அந்தத் துண்டுக்குள் அலை ஏறாது. ஊர் வள்ளங்கள் எல்லாம் அதிலேதான் கரையேறின. அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி 2003ஆம் ஆண்டு வரைக்கும் அங்கே எழவில்லை. கிழமைக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். முறைக்காரரின் வள்ளம் முதலில் ஏறும். மற்ற வள்ளங்களுக்கு அவர் இடம் காட்டிவிடுவார். சண்டை வந்தால் தீர்த்துவைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பொறுப்பு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

போரை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்தில், ஒரு நாள் காலை, சிறு இறங்குதுறைகள் அமைச்சின் வாகனங்கள் கரைக்கு வந்தன. அப்படி ஓர் அமைச்சு இருப்பது ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. வாகனத்திலிருந்து அமைச்சின் இணைப்பாளர் அரியநாயகம் இறங்கினார். அவருக்குப் பின்னால் அமைச்சரின் மைத்துனர் இறங்கினார். கடைசியாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட வெளிநாட்டவர் ஒருவர் இறங்கி, கடலைப் பார்த்துச் சிரித்தார். அவர் சாட்டிக் கடற்கரையில் குளிக்க வந்தவர் என்றும், வாகனத்தில் இடம் இருந்தபடியால் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்றும் பிறகு ஒரு கதை அடிபட்டது. அமைச்சு அதை வன்மையாக மறுத்தது. மறுப்பில் அவருடைய பெயர் இருக்கவில்லை.

"இந்தக் கரைக்கு ஆர் பொறுப்பு?" என்று அரியநாயகம் கேட்டார்.

ஊர்க்காரர் வழக்கப்படி அந்தக் கிழமை முறைக்காரரான பஸ்ரியாம்பிள்ளையை முன்னே தள்ளிவிட்டார்கள். போன கிழமை வந்திருந்தால் எமிலியின் மகன் மிரோஜனைத் தள்ளியிருப்பார்கள். அடுத்த கிழமை என்றால் இன்னாசித்தம்பியை.

"ஐயாதானோ சொந்தக்காரர்? ஏன் ஐயா நிக்கிறியள்? தம்பியவை, ஐயாவுக்கு ஒரு கதிரை குடுங்கோ."

கதிரை வந்தது. பஸ்ரியாம்பிள்ளை தன் வாழ்நாளில் எத்தனையோ கந்தோர்களிலும் சாவடிகளிலும் நின்றிருக்கிறார். இரும் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர் இருந்தார். எழும்பி நின்றால், "நான் சொந்தக்காரன் இல்லை, இந்தக் கிழமைப் பொறுப்பு மட்டும்தான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் எழும்பினால் கதிரையை எடுத்துவிடுவார்கள் போலிருந்தது. அதற்குள் ஒரு சோடாவும் உடைத்துக் கையில் கொடுத்தார்கள்.

பாயில் காய்ந்த கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்த எமிலி அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"பஸ்ரியண்ணை, வாய்க்குள்ளை என்ன, சோடாவோ? உள்ளதைச் சொல்லுங்கோவன்!"

வாய்க்குள் சோடாதான் இருந்தது. அவர் அதை விழுங்கினார். விழுங்கிய பிறகும் பேசவில்லை.

அரியநாயகம் விளங்கப்படுத்தினார். "ஐயா, வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு இஞ்சை இறங்குதுறை கட்டப்போகுது. ஆனால் நாட்டின்ரை முக்கியமான துறை முழுசாய் வெளிநாட்டான்ரை கையிலை இருக்கக்கூடாது. தேசியப் பாதுகாப்பு. பெரும்பாதி உள்ளூராள் ஒருத்தற்றை பேரிலை இருக்கவேணும். அந்த உள்ளூராள் நீங்கள்."

"நான் என்ன செய்யவேணும்?"

"ஒண்டும் செய்யக்கூடாது. அதுதான் உங்கடை வேலை."

இன்னாசித்தம்பி கூட்டத்துக்குள் இருந்து தலையை நீட்டினான். "கொம்பனி எந்த நாடு?"

மைத்துனர் பதில் சொன்னார். "அதுவும் ஒரு தீவுதான். உங்கள் நயினாதீவிலும் சின்னது. அங்கே எங்களுக்கு ஒரு தபால்பெட்டி இருக்கிறது."

"நீங்கள் அங்கை போனனீங்களோ?"

"ஒருமுறை தபால்பெட்டியைப் பார்க்கப் போனேன். பூட்டியிருந்தது. நல்ல பாதுகாப்பு."

கொம்பனியின் இயக்குநர்கள் மூன்று பேர்: மைத்துனர், மைத்துனரின் மனைவி, மனைவியின் தாயார். இதைப் பற்றிப் பத்திரிகைக்காரர் கேட்டபோது அமைச்சர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். "எனக்கும் அந்தக் கொம்பனிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. என் மனைவியிடமும் விசாரித்தேன். அவருடைய தம்பிதான் இதைத் தெளிவாக எழுதித் தந்தார்."

பஸ்ரியாம்பிள்ளை கையெழுத்து வைத்தார். பெரும்பாதிக்கு அடையாளமாக அவருக்கு வள்ளத்துக்குப் பூட்டும் பெரியதொரு என்ஜின் கொடுக்கப்பட்டது. அவ்வளவு பெரிய என்ஜினுக்குத் தீவில் எவருக்கும் அப்போது அனுமதி இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் இறக்கியபோது, அவருடைய மனைவி றீற்றா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன, ஆற்றை கரைக்கு ஆர் தந்த என்ஜின்?"

"பேசாமல் இரும். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சொல்லித் தீர்த்துப்போடுவன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரைப் பொறுப்பு இன்னாசித்தம்பிக்குப் போகவேண்டும். இன்னாசித்தம்பி கரைக்குப் போனபோது அங்கே கரை இருக்கவில்லை. தகர வேலி இருந்தது. வேலியில் ஒரு கேற். கேற்றில் மூன்று மொழியில் ஒரு பலகை: "முக்கிய உட்கட்டமைப்பு. பெரும்பாதி உள்ளூர் மக்களுக்குச் சொந்தம். உள்ளூர் மக்கள் உட்பிரவேசிக்கத் தடை."

அடுத்ததாகப் பாதுகாப்புக் கணிப்பு. முக்கிய உட்கட்டமைப்பின் சொந்தக்காரர் எல்லோரும் நாட்டுக்கு ஆபத்தில்லாதவர்கள் என்று உறுதிப்படுத்தவேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் அமைச்சின் கந்தோருக்குப் பஸ்ரியாம்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கணிப்பு அதிகாரி முதலில் கொம்பனியை எடுத்துக்கொண்டார். தபால்பெட்டி இருக்கும் தீவுக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

"கெட்ட ஆட்களாக இருந்தால் உடனே எடுத்திருப்பார்கள்," என்று சொல்லி, "ஆபத்தில்லை" என்று எழுதினார். பிறகு பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தார். "இந்தக் கடலை உமக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"பிறந்த நாள் தொட்டு, ஐயா."

அதிகாரியின் பேனை நின்றது. "துறைக்குள் வரும் வழியில் எங்கே ஆழம், எங்கே கல்லு என்றும் தெரியுமா?"

"கண்ணை மூடிக்கொண்டு வருவன்."

"கண்ணையும் மூடிக்கொண்டு," என்று அதிகாரி முணுமுணுத்தபடி எழுதினார். "வெளிநாட்டில் யாரும் இருக்கிறார்களா?"

"தம்பி ஒருத்தன் கனடாவிலை."

"வெளிநாட்டுத் தொடர்பு."

"ஐயா, கொம்பனி முழுக்க வெளிநாடுதானே?"

"அவர்கள் வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவர்கள். அது ஒழுங்கு. நீர் உள்நாட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டோடு தொடர்பு வைத்திருக்கிறீர். அது வேறு." அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை, விளங்கப்படுத்த விருப்பமுள்ளவர். "பாரும், கொம்பனிக்கு இந்தத் துறை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அவர்களால் என்ன தீங்கு செய்யமுடியும்? உமக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அமைச்சரின் நன்மைக்காகச் சொல்கிறேன். நாட்டின் நன்மைக்காக என்று நீர் எடுத்துக்கொண்டாலும் சரி. எங்கள் கந்தோரில் இரண்டுக்கும் ஒரே கோப்புதான்."

முடிவு சில நாட்களில் வந்தது. கொம்பனியால் நாட்டுக்கு ஆபத்து வராமல் இருக்கப் பஸ்ரியாம்பிள்ளை தேவை. பஸ்ரியாம்பிள்ளையால் துறைக்கு ஆபத்து வராமல் இருக்க, அவர் துறைக்கு அருகே போகக்கூடாது. அவர் இல்லாவிட்டால் கொம்பனி முழுவதும் வெளிநாடாகிவிடும் என்பதால், அவருக்கு ஒன்றும் நடந்துவிடக்கூடாது. ஆகவே கடலுக்கும் போகக்கூடாது. பண்டார, சுமித் என்ற இரண்டு சீருடைக் காவலர்களை அமைச்சு அனுப்பியது. அவரை விட்டு ஓர் எட்டும் விலகக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. அவர்கள் விறாந்தையில் என்ஜினுக்கு ஒரு பக்கம் ஒருவராக இருந்தார்கள். றீற்றா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். புருசனுக்குக் கொடுக்கும்போது கோப்பையை மேசையில் இடித்து வைத்தாள்.

வள்ளங்கள் கோயில் சவக்காலைக்குப் பின்னாலிருந்த கல்லுக்கரைக்குப் போயின. வேறு இடம் இல்லை. சோளகம் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பிடித்துவிட்டால் அந்தக் கல்லில் ஏறும் வள்ளம் தப்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பின்னேரம் மிரோஜன் வந்தான். பஸ்ரியாம்பிள்ளை அவனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தி நின்றவர்.

"ஞானப்பா, உங்கடை சொந்தத்தைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை. கேற்றை மட்டும் திறக்கச் சொல்லுங்கோ. சோளகம் முடியும் மட்டும்."

அதிலே "உங்கடை சொந்தம்" என்று அவன் நையாண்டி இல்லாமல் சொன்னதுதான் பஸ்ரியாம்பிள்ளைக்குக் குத்தியது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கேற்றுக்குப் போனார். காவலர் இருவரும் பின்னால் வந்தார்கள். கேற்றடியில் கொம்பனி வைத்த காவற்காரன் நின்றான். வேலணைப் பெடியன், நல்ல தமிழ் கதைப்பான்.

"தம்பி, வள்ளங்கள் வர விடும்."

"சொந்தக்காரர் எழுத்திலை தரவேணும் ஐயா."

"நான்தான் சொந்தக்காரன்."

"அப்ப நீங்கள் இஞ்சை வரக்கூடாது. சொந்தக்காரர் வந்தால் உடனை அறிவிக்கச் சொல்லியிருக்கு." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "ஐயா, கெதியாய்ப் போங்கோ. நான் காணேல்லை எண்டு சொல்லுறன்."

அவர் போனார். வீட்டுக்கு வந்து, ஒரு கிழமை பொறுங்கோ, அரியநாயகத்தோடு கதைக்கிறன் என்று மிரோஜனிடம் சொன்னார். அரியநாயகம் கொழும்பில் இருந்தார். சோளகம் அந்த ஒரு கிழமைக்குப் பொறுக்கவில்லை.

மிரோஜனின் வள்ளம் கல்லில் மோதிய சத்தம் கோயில் வரைக்கும் கேட்டது. வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவே அவனுடைய வலது கால் அகப்பட்டுக்கொண்டது. யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் காலை வெட்டி எடுக்கவில்லை. ஆனால் இனிக் கடலுக்கு உதவாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளை பார்க்கப் போனார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பண்டாரவும் சுமித்தும் நின்றபடியால், மிரோஜன் யாரோ பெரிய ஆள் என்று நினைத்து மருத்துவத் தாதிமார் அவனுக்கு நல்ல தலையணை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். எமிலி அவரைப் பார்க்கவில்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டு வாறன் என்று வெளியே போனவள், அவர் போகும் வரைக்கும் உள்ளே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். காவலர் இருவரும் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"என்ன பாவம் செய்தனீர்?" என்று சுவாமி கேட்டார்.

"ஒரு கதிரையிலை இருந்திட்டன், சுவாமி."

"கதிரையிலை இருக்கிறது பாவமில்லை."

"எழும்பியிருக்கவேணும், சுவாமி."

சுவாமி பத்துக் கட்டளையையும் மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார் போலும். "அது எந்தக் கட்டளைக்குள்ளை வருகுது எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. பொய் சொன்னனீரோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதான்."

"களவெடுத்தனீரோ?"

"தந்தவை, சுவாமி. வாங்கினனான்."

சுவாமி பெருமூச்சு விட்டு, ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். பஸ்ரியாம்பிள்ளை மூன்று சொன்னார். மனப்பாரம் இறங்கவில்லை.

கடைசியில் அரியநாயகம் கொழும்பிலிருந்து வந்தபோது, பஸ்ரியாம்பிள்ளை என்ஜினை ஒரு கைவண்டிலில் ஏற்றிக்கொண்டு போய் அவருடைய கந்தோர் வாசலில் இறக்கினார்.

"இதைப் பிடியுங்கோ. எனக்குப் பெரும்பாதியும் வேண்டாம், சிறுபாதியும் வேண்டாம். என்ரை பேரை வெட்டிவிடுங்கோ."

அரியநாயகம் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "ஐயோ ஐயா, மெல்லக் கதையுங்கோ! நீங்கள் விலகினால் என்ன நடக்கும்? துறை முழுசாய் வெளிநாட்டான்ரை கைக்குப் போகும். அது தேசத்துரோகம். செய்தவர் ஆர் எண்டு பார்த்தால் நீங்கள்!"

"அப்ப இன்னாசித்தம்பிக்கு மாத்துங்கோ. எனக்குப் பிறகு அவன்ரை முறைதான்."

"இன்னொருத்தரைக் கணிக்கவேணும். அவருக்கும் கடலைத் தெரியுமெல்லோ?"

"கடலைத் தெரியாத ஆள் இந்த ஊரிலை இல்லை."

"அதுதானே ஐயா நாங்கள் படுகிற கஸ்டம்." அரியநாயகம் குரலைத் தாழ்த்தினார். "நானும் உங்கடை நிலைமைதான். இந்தக் கந்தோர் என்ரை பேரிலைதான் இருக்குது. பூட்டின்ரை திறப்பு மைத்துனரிட்டை. பேசாமல் என்ஜினைக் கொண்டுபோங்கோ. வாற வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அமைச்சர் வாறார், நீங்கள் மேடையிலை இருக்கவேணும்."

பஸ்ரியாம்பிள்ளை கைவண்டிலைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். வழிநெடுக ஒன்றை மட்டும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மேடைக்கு முன்னாலே ஊரும் இருக்கும், எமிலியும் இருப்பாள், அங்கே சொல்லிவிடுவது.

திறப்பு விழாவில் திறக்கப்பட்டது கேற்தான். இறங்குதுறை இன்னும் கட்டப்படவில்லை. காற்று பந்தலின் துணிகளைப் பிய்த்துக்கொண்டிருக்க, அமைச்சர் சிங்களத்தில் பேசினார். அரியநாயகம் தமிழில் சொன்னார்.

"சிலபேர் கேட்கிறார்களாம், துறை எங்கே என்று. நான் அவர்களைக் கேட்கிறேன்: கட்டிய துறையை எதிரி உடைப்பான். கட்டாத துறையை எவனால் உடைக்க முடியும்? இந்தத் தீவிலேயே பாதுகாப்பான துறை இதுதான். இன்னும் சிலபேர், கொம்பனி உறவுக்காரருக்குக் கொடுக்கப்பட்டது என்கிறார்கள். நாட்டின் வாசலை முன்பின் தெரியாதவனிடம் கொடுக்கச் சொல்கிறார்களா? எனக்கு என் மைத்துனரைச் சின்ன வயது தொட்டுத் தெரியும். அவர் எதையும் கையை விட்டுக் கொடுத்ததே இல்லை."

கொண்டுவரப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு மண்ணின் மைந்தன், பெரும்பாதிச் சொந்தக்காரர் என்று கூப்பிட்டு, பஸ்ரியாம்பிள்ளைக்கு மாலை போட்டு, ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். எமிலி கடைசி வரிசையில் நின்றாள்.

"இந்தக் கரை என்ரையில்லை," என்றார். "ஒருநாளும் என்ரையில்லை. அண்டைக்கு என்ரை முறை, அவ்வளவுதான். சொல்லியிருக்கவேணும், சொல்லாமல் கதிரையிலை இருந்தனான். என்ஜினை வாங்கினனான். அதாலை ஒரு பெடியன்ரை கால் போச்சு. கரையைத் திருப்பிக் குடுங்கோ."

என்ன சொல்கிறார் என்று அமைச்சர் கேட்டார். ஒரு கணம் அரியநாயகம் பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்த பார்வை, கெஞ்சுவது போல இருந்தது. பிறகு ஒலிவாங்கியை வாங்கிச் சிங்களத்தில் சொன்னார். அமைச்சரின் கண் கலங்கிவிட்டது. எழும்பி வந்து பஸ்ரியாம்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அரியநாயகம் சொன்னதைச் சிங்களம் தெரிந்த இன்னாசித்தம்பி பிறகு ஊருக்குச் சொன்னான்: "இந்தக் கரை எனக்கு மட்டும் சொந்தமில்லை, முழுத் தேசத்துக்கும் சொந்தம் என்கிறார். தன் ஞானமகனின் காலைத் தேசத்துக்குக் கொடுத்ததில் பெருமைப்படுகிறார்."

வாகனங்கள் போய்விட்டன. திறந்த கேற்றைக் காவற்காரன் பூட்டினான்.

அன்று பின்னேரம் கல்லுக்கரையில் வள்ளங்கள் வரும் நேரம். மிரோஜனின் உடைந்த வள்ளத்தைத் தைத்துத் திருத்தி, பிடிபடும் மீனில் பங்குக்கு இன்னாசித்தம்பி ஓடிக்கொண்டிருந்தான். எமிலி இடுப்பளவு தண்ணிக்குள் நின்று கயிற்றைப் பிடித்திருந்தாள். கல்லில் படாமல் வள்ளத்தைத் தூக்கி இழுக்கக் கை காணாது. பஸ்ரியாம்பிள்ளை மாலையைக் கழற்றிச் சவக்காலை வேலியில் போட்டுவிட்டு இறங்கினார்.

"எமிலி, நான் சொன்னது கேட்டதோ?"

"கேட்டது. கடைசி வரிசைக்கும் நல்லாய்க் கேட்டது." அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கயித்தைப் பிடியுங்கோ."

அவர் பிடித்தார். ஓர் எட்டும் விலகக்கூடாது என்ற உத்தரவுப்படி பண்டாரவும் சுமித்தும் சப்பாத்தோடு தண்ணிக்குள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் சும்மா நிற்க முடியாமல், அவர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். "ஏலேலோ" என்று இன்னாசித்தம்பி குரல் கொடுக்க, மற்றவர்களும் சேர்ந்து கொடுத்தார்கள். அலை ஒன்று தூக்கிவந்த நேரம் பார்த்து இழுத்தார்கள். வள்ளம் கல்லில் உரசாமல் மேலே வந்தது. பஸ்ரியாம்பிள்ளையின் உள்ளங்கை கிழிந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

வள்ளம் இழுத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது அந்தக் கரையில் வழக்கம். எமிலி கடகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தாள். பண்டாரவுக்கு இரண்டு கையும் கொள்ளாமல் ஓரா மீன் வைத்தாள். சுமித்துக்கும் அப்படியே. அடுத்து நின்ற பஸ்ரியாம்பிள்ளை கையை நீட்டியிருந்தார். அவரைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனாள்.

சுமித்துக்கு அது விளங்கவில்லை. தவறுதலாக விட்டுவிட்டாள் என்று நினைத்து, தன் கையிலிருந்த மீனில் பாதியை எடுத்து, சிரித்தபடி பஸ்ரியாம்பிள்ளையின் நீட்டிய கையில் வைக்கப்போனான்.

எமிலி திரும்பிப் பார்த்தாள். கோபமில்லாமல், பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வேண்டாம் தம்பி. அவர் முதலாளி."